சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

தருமபுரியில் ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்களுக்கும் ஆய்வக நுட்புநர்களுக்கும் இந்த அளவீட்டைச் செய்துகாட்டி வருகிறேன். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் உடலின் எதிர்ப்புத் திறனை மிஞ்சிவிடும் நிலை. அவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலானவை கருவியின் முன் அமர்வதற்கு வெகு முன்பே நடந்துவிடுகின்றன. ஆகவே வேதிவினையைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆட்களைப் பற்றியும் ரத்தக் குழாய்களைப் பற்றியும் நிறையச் சொல்லப்போகிறேன். அடிப்படை ஆய்வக வசதி, அதாவது சென்ட்ரிஃபியூஜ், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், கொதிநீர்த் தொட்டி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஆகியவை இருப்பதாக வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. எவற்றை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற பெயரில் ஒரே ஒரு பொருள் ரத்தத்தில் இல்லை. கொழுப்பு சிதைந்ததன் தடயம், புரதம் பாதிக்கப்பட்டதன் தடயம், எஞ்சியிருக்கும் எதிர்ப்புத் திறன் என்று மூன்று பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்தால் வரும் எண்ணை எப்படி வேண்டுமானாலும் விளக்கிவிட முடியும்.

கொழுப்புச் சிதைவுக்கு எஃப்2-ஐசோபுரோஸ்டேன்களே நம்பகமான குறியீடு. ஆனால் அவற்றைச் சரியாக அளக்க நிறை நிறமாலைமானி தேவை. அது கைக்கெட்டாத இடத்தில் மாலோன்டைஆல்டிஹைடு, சுருக்கமாக எம்டிஏ, அதனுடன் பிளாஸ்மாவின் தயோல் (புரதங்களில் உள்ள, எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கந்தகத் தொகுதி) அளவு, ஃபிராப் (பிளாஸ்மா எவ்வளவு இரும்பை ஒடுக்குகிறது என்று பார்க்கும்) முறையில் மொத்த எதிர்ப்புத் திறன் ஆகிய மூன்றும் போதுமான தொகுப்பு. இவற்றுடன் கிரியாட்டினின், அல்புமின், யூரிக் அமிலம், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் அதே நாளின் ரத்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த நான்கும் துணைத் தகவல்கள்தானே என்று விட்டுவிடுகிறவர்கள், 9, 10 ஆம் படிகளில் கணக்குப் போட வழியில்லாமல் நிற்பார்கள்.

சிறுநீரில் 8-ஹைட்ராக்ஸிடீஆக்ஸிகுவானோசினை அளந்து கிரியாட்டினினால் வகுக்கும் முறை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தும். வடிகட்டும் திறன் குறைந்தவர்களிடம் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் சேர்ந்தே மாறுவதால், அதை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை.

2. அனுமதியும் ஒப்புதல் படிவமும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்காமல் ஒரு துளி ரத்தமும் எடுக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழி என்பதால் அந்தப் படிவங்களையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிலிட்டர் எடுக்கிறீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். ரத்தசோகை உள்ள டயாலிசிஸ் நோயாளிகள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

3. ஆட்களைச் சேர்த்தல்

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு கிரியாட்டினின் அறிக்கையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால், வயிற்றுப்போக்கால் தற்காலிகமாகக் கிரியாட்டினின் ஏறியவரும் பட்டியலுக்குள் வந்துவிடுவார். கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் 2021 ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தால் சிறுநீரகம் வடிகட்டும் வீதத்தைக் கணக்கிட்டு, நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில் 45 முதல் 59 வரை 3ஏ நிலை, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை 4, 15க்குக் கீழ் 5 என்று பிரியுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அவர்களைத் தனிக்குழுவாக வையுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவில்தான் பெரிய தவறு நடக்கிறது. மாணவர்கள் தங்கள் வகுப்புத் தோழர்களிடமும் மருத்துவமனை ஊழியர்களிடமும் ரத்தம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 24 வயது மாணவரையும் 58 வயது விவசாயியையும் ஒப்பிட்டால் தெரிவது வயதின் வேறுபாடு. நோயாளியுடன் துணைக்கு வரும், ரத்த உறவில்லாத, வயதொத்த உறவினரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கணவனோ மனைவியோ கூட வந்திருப்பார்கள். ஒரே வீட்டுச் சமையல், ஒரே தண்ணீர் என்பது கூடுதல் நன்மை. ஆண், பெண் விகிதம் மட்டும் இரு குழுக்களிலும் ஒத்திருக்கிறதா என்று அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். உடலிலிருந்து ஃபுளோரைடு வெளியேறும் முக்கிய வழி சிறுநீரகம் என்பதால், அது பழுதுபட்டவரிடம் ஃபுளோரைடு தேங்குகிறது. ஃபுளோரைடே ஆக்சிஜனேற்றப் பாதிப்பைத் தூண்டும் என்பதும் விலங்குச் சோதனைகளில் தெரிந்த செய்தி. ஆகவே குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, கேன் தண்ணீரா, எத்தனை ஆண்டுகளாக என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். வேறு ஊர்களில் எழுதப்பட்ட ஆய்வுப் படிவத்தை அப்படியே நகலெடுத்தால் இந்தக் கேள்வி அதில் இருக்காது.

புகைப்பழக்கம், சர்க்கரை நோய், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட், வைட்டமின் மாத்திரைகள், கடந்த 2 வாரங்களில் காய்ச்சல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற்றி ஒரு மாதம் ஆகாதவரை நாங்கள் சேர்ப்பதில்லை.

இன்னொன்று: நோயாளிகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒப்பீட்டுக் குழுவைத் தேடாதீர்கள். இரண்டையும் ஒரே மாதங்களில் இணையாகச் சேருங்கள். மே, ஜூன் மாதங்களில் இந்த வட்டாரத்தில் மாம்பழம் இல்லாத வீடு இல்லை. பொட்டாசியத்துக்குப் பயந்து நோயாளி தொடமாட்டார், மற்றவர் வைட்டமின் சி, கரோட்டினாய்டு எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிட்டிருப்பார். அந்தக் காலத்தில் ஒரு குழுவை மட்டும் சேர்த்தால் எதை அளந்தோம் என்பதே தெரியாமல் போகும்.

4. ரத்தம் எடுக்கும் நேரம்

டயாலிசிஸ் நோயாளியிடம் எப்போது ரத்தம் எடுக்கிறோம் என்பதே முடிவைத் தலைகீழாக்கும். எம்டிஏவின் மூலக்கூறு எடை 72 மட்டுமே. அது டயாலைசர் என்ற வடிகட்டியின் வழியாகக் கழிந்துவிடும். சிகிச்சை முடிந்தபின் எடுத்தால், சவ்வின் தொடுதலால் வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு அழுத்தம் கூடியிருக்கும் வேளையிலும் எம்டிஏ குறைந்ததாகக் காட்டலாம். நீர் வெளியேற்றப்பட்டதால் அல்புமினோ செறிந்து ஏறியிருக்கும்.

எனவே ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில்) ஊசி செலுத்தியவுடன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுப்பதற்கு முன், தமனி ஊசியிலிருந்து எடுங்கள். ஹெப்பாரின் உள்ளே சென்றால் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் விடுபட்டுக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறும். வாரம் இருமுறை, திங்களும் வியாழனும் வருகிறவர் என்றால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி 3 நாள். திங்களன்று அது 4 நாள். எல்லோருக்கும் குறுகிய இடைவெளிக்குப் பிந்தைய நாள் என்று ஒரே விதி வைத்தால் போதும். ஊசிவழி இரும்புச்சத்து செலுத்தி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், ஏனெனில் கட்டற்ற இரும்பு தானே ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்பிவிடும்.

டயாலிசிஸில் இல்லாதவர்களிடம் 8 முதல் 10 மணி நேர வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். "வெறும் வயிற்றில் வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆமாங்க" என்றுதான் வரும். பென்னாகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். சுழற்றிய குழாயில் பிளாஸ்மா பாலைப் போல வெளுத்திருந்தது. "காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?" என்று மறுபடி கேட்டபோது, "சோறு திங்கலைங்க, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ, ரெண்டு போண்டா, அவ்வளவுதான்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது சாப்பாட்டில் சேராது. அன்றிலிருந்து இரண்டாவது கேள்வியையே முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். இன்சுலின் போடுகிறவர்களை மட்டும் காலை 8 மணிக்கு முன் முடித்து அனுப்பிவிடுங்கள். அவர்களைப் பட்டினியோடு வரிசையில் காக்கவைப்பது ஆபத்து.

5. குழாய், சுழற்சி, உறைவு

இரண்டு குழாய்கள் தேவை. எம்டிஏ, தயோல் இரண்டுக்கும் ஊதா மூடியுள்ள ஈடிடிஏ குழாய். ஃபிராப்புக்குப் பச்சை மூடியுள்ள ஹெப்பாரின் குழாய். ஈடிடிஏ இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எம்டிஏ அளவீட்டில் அது நமக்கு உதவி, ஏனெனில் குழாய்க்குள் புதிதாக ஆக்சிஜனேற்றம் நடப்பதைத் தடுக்கிறது. ஃபிராப்பிலோ இரும்புதான் வினைப்பொருளே. அங்கே ஈடிடிஏ பிளாஸ்மாவைப் போட்டால் சோதனை கெட்டுவிடும். ஒரே குழாயில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்கிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். எம்டிஏவுக்கு சீரத்தையும் பயன்படுத்தாதீர்கள்: ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் திராம்பாக்ஸேன் தயாரிக்கும் வழியில் எம்டிஏவும் உண்டாகிறது.

எடுத்தவுடன் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் 4 டிகிரியில், 1,500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். அரூரிலோ ஊத்தங்கரையிலோ எடுக்கிறீர்கள் என்றால் அங்கேயே பிரித்துவிட்டுப் பிளாஸ்மாவை மட்டும் கொண்டு வாருங்கள். முழு ரத்தத்தை வண்டியில் குலுக்கிக்கொண்டு வந்தால் சிவப்பணுக்கள் உடையும்.

உடைந்ததா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளைத் தாளின் முன் குழாயைப் பிடியுங்கள். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி, இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள். ஹீமோகுளோபின் நாம் அளக்கும் அலைநீளத்துக்கு அருகிலேயே ஒளியை உறிஞ்சும்; அதன் இரும்பு, கொதிக்கவைக்கும்போது புதிய எம்டிஏவையும் உருவாக்கும். மறுபடி ஊசி குத்தத் தயங்கி இத்தகைய மாதிரியை ஓட்டினால், பட்டியலில் மிக உயர்ந்த எண் அதுவாகவே இருக்கும்.

பிளாஸ்மாவை 600 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மைனஸ் 20 போதாது. அந்தக் குளிரில் எம்டிஏ நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிப்பு. ஒரு கோடை இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், காலையில் வந்து பார்த்தபோது உறைபெட்டியின் திரை மைனஸ் 31 என்று காட்டியது. அன்றைய இருப்பில் 40க்கும் மேற்பட்ட மாதிரிகளை நாங்கள் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கை மணி கைபேசிக்கு வருமாறு அமைப்பது அதற்குப் பிறகு தோன்றிய ஞானம்.

6. கரைசல்கள்

எம்டிஏ வினைக்கரைசல் 100 மில்லிலிட்டருக்கு: டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் 15 கிராம், தயோபார்பிட்டூரிக் அமிலம் 0.375 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2.1 மில்லிலிட்டர். தயோபார்பிட்டூரிக் அமிலம் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. இளஞ்சூட்டில் கலக்கிக் கரைத்து, அன்றன்றே தயாரித்துக்கொள்ளுங்கள். அடியில் துகள் தங்கியிருந்தால் செறிவு குறைந்துவிட்டது என்று பொருள். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

இதனுடன் எத்தனாலில் கரைத்த 2 சதவீத பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன் கரைசலும் வேண்டும். கொதிநிலையில் பிளாஸ்மாவின் கொழுப்பு புதிதாகச் சிதையாமல் காப்பது அதுதான். இதை விட்டுவிட்டால், நோயாளியின் உடலில் நடந்ததை விடுத்து நம் தொட்டியில் நடந்ததை அளந்துகொண்டிருப்போம்.

நியமக் கரைசலுக்கு, அதாவது ஒப்பிடுவதற்கான செறிவு தெரிந்த கரைசலுக்கு, 1,1,3,3-டெட்ராமெத்தாக்ஸிபுரோப்பேன். 164 மில்லிகிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்கும். அதிலிருந்து படிப்படியாக நீர்த்து 0.5, 1, 2, 4, 8 மைக்ரோமோலார் வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

7. எம்டிஏ ஓட்டம்

மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் பிளாஸ்மா 0.5 மில்லிலிட்டர், வினைக்கரைசல் 1 மில்லிலிட்டர், 2 சதவீதக் கரைசல் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். நியமக் கரைசல்களும் இதே 0.5 மில்லிலிட்டர் அளவில், இதே வழியில் போக வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் தயோபார்பிட்டூரிக் அமிலம் மட்டும் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் வையுங்கள். பிலிருபின் போன்றவற்றின் சொந்த நிறத்தைக் கழிக்க அது உதவும்.

கொதிநீர்த் தொட்டியில் 15 நிமிடம். "தண்ணீர் கொதிக்கிறது, அப்படியானால் 100 டிகிரி" என்று நம்ப வேண்டாம்; ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். எந்த வெப்பநிலையானாலும் எல்லா ஓட்டங்களிலும் ஒன்றாக இருப்பதே முக்கியம், ஆகவே வெப்பமானியை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். மூடி தளர்ந்திருந்தால் நீர் ஆவியாகி, செறிவு பொய்யாக ஏறும்.

குழாய்நீரில் குளிர்வித்து, 1,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேலுள்ள தெளிவை மட்டும் எடுத்து 532 நானோமீட்டரில் படியுங்கள். தெளிவு கலங்கலாக இருந்தால் பியூட்டனாலில் பிரித்தெடுத்துப் படிக்கலாம். அப்படிச் செய்தால் நியமக் கரைசல்களையும் பிரித்தெடுக்க வேண்டும். ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு மாதிரிகளையாவது 400 முதல் 600 வரை வருடிப் பாருங்கள். உச்சி 532இல் இருக்க வேண்டும். குழாய் மஞ்சளாகி 450 பக்கம் உச்சி நின்றால், சர்க்கரைகளும் வேறு ஆல்டிஹைடுகளும் குறுக்கிடுகின்றன.

ஒரே ஓட்டத்தில் நோயாளிகளின் மாதிரிகளும் ஒப்பீட்டுக் குழுவின் மாதிரிகளும் கலந்து, சீட்டுக் குலுக்கிய வரிசையில் இருக்கட்டும். பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து உறையவைத்த ஒரே கலவையை ஒவ்வோர் ஓட்டத்திலும் கூடவே ஓட்டுங்கள். அதன் எண் 10 சதவீதத்துக்கு மேல் ஆடினால் அன்றைய ஓட்டம் செல்லாது.

8. கணக்கு

நியமக் கரைசலின் நேர்கோட்டிலிருந்து நேரடியாகப் படிப்பதே பாதுகாப்பு. அந்தக் கோடு சரியா என்பதை மோலார் உறிஞ்சுதிறனைக் கொண்டு சோதியுங்கள்: இளஞ்சிவப்பு விளைபொருளுக்கு அது 1,56,000. 4 மைக்ரோமோலார் நியமக் கரைசல் 1.52 மில்லிலிட்டராக நீர்க்கும்போது 3.04 மடங்கு குறைந்து 1.32 மைக்ரோமோலார் ஆகும். ஆகவே ஒளி உறிஞ்சல் 0.205 அளவில் வர வேண்டும். 0.15 என்று வந்தால் நியமக் கரைசல் பழசாகிவிட்டது அல்லது வினைக்கரைசல் முழுதாகக் கரையவில்லை. நேர்கோட்டை விட்டு மோலார் உறிஞ்சுதிறனால் கணக்கிடும்போது 3.04 என்ற பெருக்கத்தை மறந்துவிட்டு, எல்லோருடைய எண்ணையும் மூன்றில் ஒரு பங்காக எழுதிய ஆய்வேடு ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்.

இந்த முறை எம்டிஏவை மட்டும் பிடிப்பதில்லை. அதனால் முடிவை எழுதும்போது "தயோபார்பிட்டூரிக் அமிலத்துடன் வினைபுரியும் பொருள்கள்" என்றே குறிப்பிடுவது நேர்மை. எச்பிஎல்சியில் (உயர்திறன் திரவ நிறப்பகுப்பியலில்) பிரித்து அளப்பவர்களின் எண்கள் நம்முடையதைவிடக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

9. தயோல்: அல்புமினால் வகுக்காமல் எழுதாதீர்கள்

பிஎச் 8.2 உள்ள, ஈடிடிஏ கலந்த டிரிஸ் தாங்கற்கரைசல் 1 மில்லிலிட்டரில் பிளாஸ்மா 50 மைக்ரோலிட்டர் சேர்த்து 412 நானோமீட்டரில் முதலில் படியுங்கள். பிறகு தயோலுடன் சேர்ந்து மஞ்சள் நிறம் தரும் 10 மில்லிமோலார் எல்மன் வினைப்பொருள் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, 15 நிமிடம் கழித்து மறுபடி படியுங்கள். முதல் அளவையும் வெற்றுக் குழாயின் அளவையும் கழித்து 1.574ஆல் பெருக்கினால் மில்லிமோலாரில் கிடைக்கும். தயோல்கள் காத்திருக்காமல் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன என்பதால், இயன்றவரை ரத்தம் எடுத்த அன்றே இதை முடித்துவிடுங்கள்.

பிளாஸ்மா தயோலில் பெரும்பகுதி அல்புமினில் உள்ள ஒரே ஒரு சிஸ்டீனிலிருந்து வருகிறது. சிறுநீரில் புரதம் போகிறவருக்கு அல்புமினே குறைந்திருக்கும், தயோலும் குறையும். அதை ஆக்சிஜனேற்றம் என்று எழுதுவது தவறு. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: நோயாளிக்குத் தயோல் 300 மைக்ரோமோல், அல்புமின் லிட்டருக்கு 28 கிராம், மற்றவருக்கு 430, 42 கிராம். முதல் பார்வைக்குப் பெரிய இறக்கம். வகுத்துப் பார்த்தால் ஒரு கிராமுக்கு 10.7, 10.2, வேறுபாடு காணாமல் போகிறது. ஒரு கிராம் அல்புமினில் இருக்கக்கூடிய தயோல் 15 மைக்ரோமோல் அளவுதான் என்பதால், அதை வெகுவாகத் தாண்டிய எண் வந்தால் பைப்பெட்டையோ அல்புமின் அறிக்கையையோ சந்தேகியுங்கள்.

10. ஃபிராப்: யூரிக் அமிலத்தைக் கழியுங்கள்

பிஎச் 3.6 உள்ள அசிட்டேட் தாங்கற்கரைசல், டிபிடிஇசட் (ஒடுக்கப்பட்ட இரும்புடன் நீல நிறம் தரும் பொருள்), ஃபெரிக் குளோரைடு ஆகியவற்றை 10:1:1 விகிதத்தில் அவ்வப்போது கலந்து, 37 டிகிரியில் 4 நிமிடம் கழித்து 593 நானோமீட்டரில் படிப்பது வழக்கமான முறை. செய்முறை எளிது, சிக்கல் விளக்கத்தில் இருக்கிறது.

நலமாக உள்ளவரின் பிளாஸ்மாவிலேயே ஃபிராப் மதிப்பில் பாதிக்கு மேல் யூரிக் அமிலத்தால் வருவது. சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் தேங்கி, எதிர்ப்புத் திறன் கூடியதுபோல் தோன்றும். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும், "நோயாளிகளுக்குத்தான் சார் எதிர்ப்புத் திறன் அதிகமா இருக்கு" என்று வியப்போடு வந்து நிற்பது இங்கேதான்.

யூரிக் அமில மூலக்கூறு ஒன்று இரண்டு இரும்பு அயனிகளை ஒடுக்கும். ஆகவே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவை 59.5ஆல் பெருக்கி லிட்டருக்கு மைக்ரோமோலாக்கி, அதை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். நோயாளிக்கு ஃபிராப் 1,200 மைக்ரோமோல், யூரிக் அமிலம் 8 மில்லிகிராம் என்றால் 1,200இலிருந்து 952 போக எஞ்சுவது 248. மற்றவருக்கு 1,000, 5 மில்லிகிராம் என்றால் 595 போக 405. வரிசை மாறிவிட்டது பாருங்கள். கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் அட்டவணையில் கொடுங்கள். அல்லோபியூரினால் சாப்பிடுகிறவர்களைத் தனியே குறியுங்கள்.

11. முடிவை எழுதுவதும் நோயாளிக்குச் சொல்வதும்

இந்த எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பரவுபவை. சராசரியைவிட இடைநிலை அளவையும் கால்மானங்களையும் தருவது பொருத்தம். ஒதுக்கிய மாதிரிகள் எத்தனை, எதற்காக என்பதையும் எழுதுங்கள். ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தை வைத்து, அழுத்தத்தால் சிறுநீரகம் பழுதானதா, பழுதானதால் அழுத்தம் ஏறியதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ரத்தம் கொடுத்தவர்கள் அடுத்த வாரம் வந்து, "என் கிட்னிக்கு ரிப்போர்ட்ல என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். கிரியாட்டினின், அல்புமின், யூரிக் அமிலம், ஹீமோகுளோபின் நான்கையும் ஒரு தாளில் எழுதி, அவருடைய மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எம்டிஏ, தயோல், ஃபிராப் ஆகியவற்றை அந்தத் தாளில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை எதுவும் இல்லை. "அதிகம்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு, விலை உயர்ந்த டானிக் பாட்டிலோடு ஒருவர் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு நாங்கள் அதை நிறுத்திவிட்டோம்.